பழைய பல் அடைப்பு: விட்டுவைக்கலாமா, ஒட்டுப் போடலாமா, மாற்றலாமா?

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் நாற்பது வயதைத் தாண்டிய யாரையும் "ஆ" காட்டச் சொல்லுங்கள். கடைவாயில் ஒன்றிரண்டு வெள்ளி அடைப்பாவது தெரியும். தமிழ்ப்பள்ளிக்கு வந்த பல் தாதியரோ, அரசாங்கக் கிளினிக்கில் இருந்த டாக்டரோ எந்தக் காலத்திலோ வைத்தது. குடிநீரில் ஃப்ளோரைடு கலக்கும் திட்டத்தை மலேசியா 1972இல் தேசியக் கொள்கையாக்கியது. ஆனால் கிணற்றையும் சொந்தத் தண்ணீர்த் தொட்டியையும் நம்பியிருந்த தோட்டங்களுக்கு அந்தத் தண்ணீர் அப்போதே வந்து சேரவில்லை. இனிப்புக் கோப்பி மட்டும் விடியற்காலையிலேயே வந்துவிடும். அதனால்தான் எங்கள் தலைமுறையின் வாயில் இத்தனை அடைப்புகள்.

இப்போது அவை எல்லாம் ஒன்றாகக் கிழடாகி நிற்கின்றன. பல்லைச் சுத்தம் செய்யப் போகிறோம், "அடைப்பு பழசாயிடுச்சு, மாத்திடலாம்" என்கிறார்கள். மாற்றினால் செலவு. விட்டுவைத்தால் உள்ளே அழுகிவிடுமோ என்ற பயம். போன வருடம் என் அத்தை இந்தக் குழப்பத்தோடுதான் வந்தார். "எட்டையும் மாத்தணுமாம்டா. கறுத்துப் போச்சாம்" என்றார். எட்டையும் ஒரே மூச்சில் மாற்றும் அளவுக்கு அவருக்கு வலியும் இல்லை, வசதியும் இல்லை.

அடைப்பு விஷயத்தில் நம் முன்னால் உள்ள வழிகள் நான்கு: அப்படியே விட்டுக் கண்காணிப்பது, தேய்த்து மெருகேற்றுவது அல்லது கெட்ட இடத்தில் மட்டும் ஒட்டுப் போடுவது, முழுதாகத் தோண்டி மாற்றுவது, பல்லை முழுதாக மூடும் கிரவுன் என்ற உறையை மாட்டுவது. இவற்றில் எது என்பதை அடைப்பின் வயதை வைத்து முடிவு செய்யக்கூடாது என்பது என் கட்சி. வெள்ளி அடைப்பு பத்துப் பதினைந்து வருடம் தாங்கும், பல் நிற அடைப்பு ஏழு முதல் பத்து வருடம் தாங்கும் என்றெல்லாம் சொல்வது பொதுக் கணக்கு. முப்பது வருடம் அசையாமல் இருக்கும் அடைப்பும் உண்டு, மூன்றாம் வருடமே பெயர்ந்து கையில் வருவதும் உண்டு.

மாற்றுவதில் அவசரம் ஏன் கூடாது என்பதற்குப் பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பழைய அடைப்பைத் தோண்டும்போது அதைச் சுற்றியுள்ள நல்ல பல்லும் கொஞ்சம் போகும். எவ்வளவு கைதேர்ந்த டாக்டரானாலும் இதைத் தவிர்க்க முடியாது. ஒவ்வொரு முறையும் குழி பெரிதாகிறது, சுவர் மெலிகிறது, நரம்பு நெருங்கி வருகிறது. சின்ன அடைப்பு பெரிய அடைப்பாகி, அது கிரவுனாகி, அப்புறம் ரூட் கனால் (பல்லின் நரம்பை எடுத்துவிட்டு வேர்க்குழியை அடைப்பது), கடைசியில் பல்லே போய்விடும். இந்தப் படிகளில் எவ்வளவு மெதுவாக இறங்குகிறோமோ அவ்வளவு நல்லது. மாற்றத் தேவையில்லாத அடைப்பை மாற்றினால் நாமாகவே ஒரு படி இறங்கிவிடுகிறோம்.

கண்ணுக்குத் தெரிவதும் நாக்குக்குத் தெரிவதும்

முதலில் நிறம். வெள்ளி அடைப்பு கறுப்பது அந்த உலோகத்தின் இயல்பு. சுற்றியுள்ள பல் சாம்பல் நிறமாகத் தெரிவதும் பெரும்பாலும் உலோகத்தின் நிழல்தான். பல் நிற அடைப்பின் ஓரத்தில் பழுப்புக் கோடு விழுவது தே தாரிக் என்ற பால் தேநீராலும் வெற்றிலையாலும் வரும் கறையாக இருக்கலாம். தேய்த்தால் போகும். வெள்ளி அடைப்புக்கும் பல்லுக்கும் நடுவில் மயிரிழை போல ஒரு பள்ளம் விழுவதும் வயசான அடைப்புகளில் சகஜம். இவற்றில் எதையும் தனியாக வைத்துக்கொண்டு "சொத்தை" என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. கூர்மையான கொக்கிக் கருவி அந்தப் பள்ளத்தில் சிக்கிக்கொள்வதும் அத்தாட்சி ஆகாது. கருவி பள்ளத்தில் சிக்கத்தான் செய்யும். ஓரத்துப் பல் மெதுமெதுவென்று அழுந்துகிறதா என்பதுதான் கேள்வி.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் வேறு. திடீரென்று நாக்கில் ஒரு கூர்முனை தட்டுப்படுவது. ஒரே இடத்தில், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் இறைச்சி நார் மாட்டிக்கொள்வது, அதுவும் முன்பு மாட்டாத இடத்தில். ஃப்ளாஸ் நூல் விட்டால் பிய்ந்து பிசிறாக வருவது. பல்குச்சியால் குத்திய இடத்திலிருந்து கெட்ட வாடை வருவது. இவை வந்தால் அடைப்பின் ஓரம் உடைந்திருக்கலாம், திறந்திருக்கலாம், அடியில் சொத்தை ஆரம்பித்திருக்கலாம். அவசரம் இல்லை, ஆனால் அடுத்த தீபாவளிவரை தள்ளிப் போடவும் கூடாது.

வலி என்றால் எப்படிப்பட்ட வலி என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஐஸ் காச்சாங் வாயில் பட்டதும் சுரீரென்று வந்து சில நொடியில் அடங்கினால் நரம்பு இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது. அடைப்பைச் சரி செய்தால் பெரும்பாலும் போதும். குளிர்ச்சி போன பிறகும் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று வலி இழுத்துக்கொண்டே போனால், சூடு பட்டால் வலித்தால், ராத்திரியில் தானாகவே விண்ணென்று தெறித்தால், அடைப்பை மாற்றுவதா என்ற பேச்சு முடிந்துவிட்டது. நரம்பு கெட்டுவிட்டது, ரூட் கனால் அல்லது பிடுங்கல் என்ற பேச்சுதான் இனி. கன்னம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே போக வேண்டும். வாய் திறக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை, மூச்சு திணறுகிறது என்றால் பல் கிளினிக்குக்குக் காத்திராமல் நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

இன்னொரு வலி இருக்கிறது, பலர் அதைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் திண்டாடுவார்கள். கடிக்கும்போது, குறிப்பாகக் கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போது, ஒரு வெட்டு வெட்டும். எல்லாக் கடியிலும் வராது. செம்பனை லாரி ஓட்டும் என் மச்சானுக்கு இப்படித்தான் வந்தது. தூக்கத்தை விரட்டக் கொட்டைப் பாக்கைக் கடித்துக் கடித்துப் பழகிய வாய். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. அடைப்பும் நல்லாத்தான் இருந்தது. பல்லில்தான் விரிசல். பெரிய வெள்ளி அடைப்பு இருக்கும் கடைவாய்ப் பல்லில் இது வரக் காரணம் உண்டு. வெள்ளி அடைப்பு பல்லோடு ஒட்டாது, குழிக்குள் சிக்கி நிற்கும், அவ்வளவுதான். மெலிந்துபோன சுவர்களைச் சேர்த்துப் பிடிக்க அதனால் ஆகாது. விரிசலுக்குப் புது அடைப்பு மட்டும் வைத்தால் பல நேரம் போதாது. பல்லை மேலே மூடிக் கட்டும் கிரவுன்தான் பொருத்தமான வழி. அதிலும் விரிசல் வேர்வரை இறங்காமல் இருந்தால்தான்.

வலி இல்லை என்பதால் நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. அடைப்புக்கு அடியில் ஓடும் சொத்தை வெகுநாள் சத்தம் போடாது. ரூட் கனால் செய்த பல்லில் நரம்பே இல்லை, அது வலித்துச் சொல்லவும் செய்யாது. இதற்காகத்தான் கடித்துப் பிடித்து எடுக்கும் சின்ன எக்ஸ்ரே. இரண்டு பல்லுக்கு நடுவில், அடைப்பின் அடி ஓரத்தில் இருக்கும் சொத்தையைக் கண்ணாடியால் பார்க்க முடியாது. படத்தில் வெள்ளி அடைப்பு பளிச்சென்று வெண்மையாகவும் சொத்தை கறுப்பு நிழலாகவும் விழும். ஆனால் படமும் சில சமயம் ஏமாற்றும். பழைய காலத்துப் பல் நிற அடைப்புகள் சில எக்ஸ்ரேயில் கறுப்பாகவே தெரியும். அடியில் பூசிய பசை தேங்கி நின்றாலும் நிழல் போலத் தெரியும். முந்தைய படம் ஒன்று இருந்து, நிழல் வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட முடிந்தால் சந்தேகம் பாதி தீரும். அதனால்தான் ஒரே கிளினிக்குக்குப் போவது நல்லது என்று சொல்கிறேன். கிளினிக் மாறினால் படத்தைக் கேட்டுக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்கு வழிகளையும் எடை போட்டால்

விட்டுவைப்பது: வலி இல்லை, ஓரம் அழுந்தவில்லை, படத்தில் நிழல் இல்லை, உணவு சிக்கவில்லை என்றால் இதுதான் முதல் தேர்வு. ஆனால் விட்டுவைப்பது மறந்துவிடுவது ஆகக்கூடாது. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். யாருக்கு இது ஒத்து வராது என்றும் சொல்ல வேண்டும். வாய் எப்போதும் காய்ந்து கிடப்பவர்களுக்கு. எச்சில்தான் பல்லின் காவல். கட்டுப்படாத இனிப்பு நீர் வாயைக் காய வைக்கும். இரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மாத்திரைகள் பலவும் அப்படித்தான். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. ஆக நம் பட்டணத்தில் இது எல்லார் வீட்டுக் கதையும்தான். இப்படிப்பட்டவர்களுக்கு அடைப்பின் ஓரத்திலும் ஈறு இறங்கிய வேர்ப் பகுதியிலும் சொத்தை வேகமாக ஓடும். சந்தேகத்துக்குரிய ஓரத்தை ஒரு வருடம் விட்டுப் பார்க்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை காட்டுவது நல்லது.

ஒட்டுப் போடுவது: இந்த வழியை நம் ஆட்கள் யாரும் கேட்பதில்லை, சில டாக்டர்களும் தாமாகச் சொல்வதில்லை. லயத்துக் கூரையில் ஒரு தகரம் ஒழுகினால் அந்தத் தகரத்தை மட்டும்தானே மாற்றுவோம். அதே நியாயம்தான் இங்கேயும். ஓரத்தில் ஒரு துண்டு உடைந்திருக்கிறது, ஒரு பக்கத்தில் மட்டும் சின்னச் சொத்தை, மற்றதெல்லாம் கெட்டியாக இருக்கிறது என்றால், கெட்ட பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, பழைய அடைப்பின் முகத்தைச் சொரசொரப்பாக்கி, பசை பூசிப் புதியதைச் சேர்க்கலாம். பல் நிற அடைப்பின் மேல் பல் நிற அடைப்பு நன்றாகவே ஒட்டும். வெள்ளி அடைப்பின் ஓரத்திலும் இப்படிச் சேர்க்க முடியும். பல்லைக் குறைவாகத் தோண்டுவார்கள், பல நேரம் ஊசிகூடத் தேவைப்படாது. ஒட்டுப் போட்ட அடைப்பு பல வருடம் நிற்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. குறை என்னவென்றால், பழைய அடைப்பின் அடியில் என்ன நடக்கிறது என்பதைத் திறந்து பார்க்காமலே விடுகிறோம். அதனால் படம் சுத்தமாக இருந்தால்தான் இதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும்.

முழுதாக மாற்றுவது: அடைப்பு ஆடுகிறது, இரண்டாக உடைந்திருக்கிறது, படத்தில் அடி முழுக்க நிழல், உணவு உள்ளே இறங்கி ஈறு வீங்குகிறது. இதற்கெல்லாம் மாற்றம்தான். இங்கே தயங்கினால் சொத்தை நரம்பைத் தொட்டுவிடும், அப்புறம் செலவு பல மடங்காகும்.

கிரவுன்: பல்லின் அகலத்தில் பாதிக்கு மேல் அடைப்பாகவே இருந்தால், ஒரு மூலைச் சுவர் உடைந்து போயிருந்தால், கடைவாய்ப் பல்லில் ரூட் கனால் செய்திருந்தால் இதை யோசிக்கலாம். தனியார் கிளினிக்கில் ஒரு பல்லுக்கே ஆயிரம் ரிங்கிட்டை ஒட்டியும் அதற்கு மேலும் ஆகும். பல்லைச் சுற்றிலும் செதுக்க வேண்டும், செதுக்கியது திரும்பாது. சின்ன அடைப்புள்ள நல்ல பல்லுக்குக் "கிரவுன் போட்டால் நிரந்தரம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கிரவுனின் ஓரத்திலும் சொத்தை வரும்.

மாற்றுவது என்று முடிவானால் எதை வைப்பது

வெள்ளி அடைப்பில், அதாவது அமல்கத்தில், ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி வெள்ளி, ஈயம் போன்ற தோற்றமுள்ள வெள்ளீயம், செம்பு. பாதரசம் என்றதும் பயந்து, நன்றாக இருக்கும் அடைப்புகளைக்கூடத் தோண்டி எடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது தேவையில்லாத வேலை. அசையாமல் கிடக்கும் அடைப்பிலிருந்து வருவதைவிட, தோண்டும்போது கிளம்பும் ஆவி அதிகம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020இல் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் போன்றோருக்குப் புதிதாக அமல்கம் வைப்பதைத் தவிர்க்கச் சொன்னது. அதே அறிவிப்பில், நல்ல நிலையில் உள்ள பழைய அமல்கத்தை மருத்துவக் காரணம் இல்லாமல் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியிலிருந்து, தவிர்க்க முடியாத மருத்துவத் தேவைகள் நீங்கலாக, அமல்கத்தை நிறுத்திவிட்டது. சுற்றுச்சூழலில் பாதரசம் கலப்பதைக் குறைப்பது அதில் ஒரு பெரிய நோக்கம். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் வலி இல்லாத வெள்ளி அடைப்பை எடுப்பதைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளட்டும்.

பல் நிறத்தில் இருக்கும் கம்போசிட் பல்லோடு ஒட்டும், அதனால் குழியைத் தேவைக்கு மேல் தோண்ட வேண்டியதில்லை. பார்வைக்கும் அழகு. ஆனால் வைக்கும் நேரத்தில் இடம் காய்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, ஒவ்வொரு அடுக்கையும் நீல ஒளியில் இறுக வைக்க வேண்டும். எச்சில் பட்டுவிட்டால் ஒட்டு கெட்டது. ஈறுக்குக் கீழே இறங்கிய ஆழமான குழியில் இந்த வேலை சிரமம். பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடை போடும் காக்ரேன் அமைப்பு 2021இல் புதுப்பித்த தொகுப்பாய்வு, கடைவாயில் கம்போசிட் அடைப்புகள் தோற்றுப்போகும் விகிதம் அமல்கத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருக்கலாம் என்றது. அதற்காகக் கம்போசிட் மோசம் என்று சொல்ல வரவில்லை. இன்றைக்குப் பெரும்பாலும் வைப்பது அதைத்தான். ஆனால் "வெள்ளியை எடுத்துவிட்டு வெள்ளையை வைத்தால் கூடுதல் நாள் தாங்கும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கிளாஸ் அயனோமர் என்று மூன்றாவது ஒன்று. ஈரத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், தானாகப் பல்லோடு ஒட்டும், ஃப்ளோரைடை மெல்ல வெளிவிடும். கடிக்கும் பரப்பில் வைத்தால் தேய்ந்துவிடும். வாய் காய்ந்த பெரியவர்களுக்கு ஈறோரத்தில் வரும் வேர்ச் சொத்தைக்கு இதைத்தான் நான் விரும்புவேன்.

அரசாங்கமா, தனியாரா

அரசாங்கப் பல் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்டில் பதிவு, அடைப்புக்குச் சில ரிங்கிட். வலியோடு போனால் அன்றே பார்ப்பார்கள். வலியில்லாத அடைப்புக்குத் தேதி கொடுப்பார்கள், அது வாரங்களாகவும் ஆகலாம், மாதங்களாகவும் ஆகலாம். கடைவாய்ப் பல் ரூட் கனால், கிரவுன் என்றால் நிபுணரிடம் அனுப்புவார்கள், காத்திருப்பு இன்னும் நீளும். தனியாரில் ஓர் அடைப்பு நூறு ரிங்கிட்டைத் தாண்டுவது சாதாரணம், ஆனால் நினைத்த நாளில் முடியும், ஈப்போவுக்குப் போனால் கிளினிக்குக்கும் பஞ்சமில்லை. என் யோசனை இரண்டையும் கலப்பது: மாற்ற வேண்டுமா என்ற கேள்வியை அரசாங்கக் கிளினிக்கில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். உங்களுக்கு மாற்றுவதால் அங்குள்ள டாக்டருக்கு ஒரு காசு லாபம் இல்லை. தனியார் டாக்டர்கள் எல்லாரும் பணத்துக்காகச் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போனால் நமக்கும் மனம் அமைதியாகும், அவ்வளவுதான்.

எங்கே போனாலும் டாக்டரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: "டாக்டர், எந்தப் பல், என்ன கோளாறு, படத்தில காட்டுங்க. ஒட்டுப் போட்டா போதாதா? ஆறு மாசம் பார்த்தா என்ன ஆகும்?" பொறுமையாகப் பதில் சொல்பவரிடம் வாயைத் திறக்கலாம். தோட்டத்தில் பழகிய நாமெல்லாம் டாக்டரிடம் கேள்வி கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்கிறோம். அத்தையும் அப்படித்தான் தலையாட்டிவிட்டு வந்திருந்தார்.

அவரை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். படம் எடுத்துப் பார்த்ததில் எட்டில் இரண்டின் அடியில் நிழல், அவற்றை மாற்றினார்கள். ஒன்றின் ஓரம் உடைந்திருந்தது, ஒட்டுப் போட்டார்கள். மீதி ஐந்தும் கறுப்பாகவே இருக்கின்றன. இனிப்பு நீர்க்காரர் என்பதால் நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மாற்றிய பிறகு வருவதையும் சொல்லிவிடுகிறேன். சில நாள் முதல் இரண்டு மூன்று வாரம்வரை குளிர்ச்சிக்குக் கூசும், அது தானாகக் குறைய வேண்டும். குறையாமல் கூடிக்கொண்டே போனால் திரும்பிப் போங்கள். கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால் அடைப்பு உயரமாக இருக்கிறது என்று பொருள். சகித்துக்கொள்ளாமல் போய்ச் சொன்னால் சில நிமிடத்தில் தேய்த்துவிடுவார்கள். கம்போசிட் அப்போதே இறுகிவிடும். வெள்ளி அடைப்பென்றால் ஒரு நாள் அந்தப் பக்கம் முறுக்கைக் கடிக்காமல் இருங்கள். தனியாரில் செய்திருந்தால் ரசீதைத் தூக்கிப் போட வேண்டாம். 2024 மதிப்பீட்டாண்டிலிருந்து பல் சிகிச்சைச் செலவுக்கு 1,000 ரிங்கிட்வரை வருமான வரி விலக்கு கேட்கலாம். மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிந்த மருத்துவர் கொடுத்த ரசீதாக இருக்க வேண்டும்.